ஏலகிரி முகாம் நாட்குறிப்பு

ஏப்ரல் 19

பிள்ளைகளுக்கான அறிவியல் முகாமில் பயிற்றுநராகச் சேர, ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி வேனில் மலை ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். குமட்டலில் பாதிப் பலகையைப் படிக்க முடியவில்லை.

முதுகலை இயற்பியல் படித்தவளுக்கு இங்கே முதல் பாடம், தலை எண்ணுவது. கிளம்பும்போது, பாதி வழியில், போய்ச் சேர்ந்ததும். மூத்த பயிற்றுநர் அண்ணன் விசிலைக் கையில் கொடுத்து, "சும்மா சும்மா ஊதாதீங்கம்மா. நிஜமா ஊதும்போது ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க" என்றார்.

நாளைய அட்டவணையில் 'எரிமலை' இருக்கிறது. வினிகரும் சமையல் சோடாவும். அதற்கு எதற்கு மலை ஏற வேண்டும்? சென்னையில் மொட்டை மாடி போதாதா?

ஏப்ரல் 20

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை. "மிஸ்" என்று ஆரம்பித்து மதியத்துக்குள் "அக்கா" ஆகிவிட்டது.

எரிமலை பொங்கியது, கத்தினார்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம்தான் நிஜமான வகுப்பு. சுவரோரம் மழை படாத புழுதியில் சின்னச் சின்னக் குழிகள். சேலத்துச் சிறுமி ஒருத்தி குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழியானை! குழிக்கு அடியில் பதுங்கி எறும்பு பிடிக்கும் பூச்சிப் புழு.

ஓர் எறும்பு சறுக்கி விழுந்தது. ஏற முயன்றபோது கீழிருந்து மண் வீசியது. குழியின் சரிவு, மண் சரியாமல் நிற்கக்கூடிய கடைசிச் சாய்வு. லேசாகத் தொட்டாலே சரியும். அதனால் எறும்பு எவ்வளவு ஏறினாலும் கீழேதான் வரும். பக்கத்தில் ஒரு கை மணலைக் கொட்டிப் பார்த்தார்கள். குவியலும் அதே மாதிரிச் சாய்வில் வந்து நின்றது.

ஒருவன் கேட்டான்: "அக்கா, இது கக்கா எங்க போகும்?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான். புழுப் பருவத்தில் அதற்குக் கழிவு வெளியேற வழியே கிடையாது. உள்ளேயே சேர்த்து வைத்து, தட்டான் போல இறக்கை முளைத்து வந்த பிறகுதான் வெளியேற்றும். இரவுச் சாப்பாட்டிலும் இதே பேச்சு. தோசை கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

ஏப்ரல் 21

சமையலறையில் வெப்பமானியை விட்டோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் 96 டிகிரிதான். சுமார் 1,100 மீட்டர் உயரம்; ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். சமையல் அண்ணன் எட்டிப் பார்த்து, "அதான் இங்க பருப்பு லேசுல வேகாது" என்றார். குக்கரின் வேலையை அவரே விளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நன்றாகவே விளக்கினார்.

ஏப்ரல் 22, இரவு

பாகைமானி, உறிஞ்சுகுழல், நூல், நுனியில் ஒரு நட்டு. இதை வைத்துத் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று அளந்தோம். சப்தரிஷி மண்டலத்தின் ஓரத்து இரண்டு நட்சத்திரங்களை இணைத்துக் கீழே நீட்டினால் துருவன் கிடைப்பான். வடக்கே மரம் மறைக்காத இடம் தேடியே நேரம் போனது. பக்கத்து ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருப்பதற்கு இந்த இருட்டும் ஒரு காரணம் என்றேன். இருட்டைப் பற்றிய முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியது.

ஒன்பது என்றான் ஒருவன், பதினேழு என்றாள் இன்னொருத்தி. எல்லாருடைய அளவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பன்னிரண்டரை.

ஏப்ரல் 23

நிழலில்லா நாள். நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள். காலையிலிருந்து மேகம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு மணிக்கு விலகியது. தூக்குநூல் பிடித்துச் சமதளத்தில் குழாய்த் துண்டுகளை நிறுத்தினோம். 12.15 வாக்கில் நிழல் சுருங்கிக் குழாயின் அடிக்குள் போயே போய்விட்டது. பிள்ளைகள் தங்கள் காலடியையே பார்த்துக் குதித்தார்கள்.

"டெல்லில எங்க அத்தை வீட்டுல?" அங்கே ஒருநாளும் கிடையாது, கடக ரேகைக்கு வடக்கே சூரியன் உச்சிக்கு வராது. நமக்கு ஆகஸ்டில் இன்னொரு முறை வரும்.

"இன்னைக்குச் சூரியன் எந்த அட்சரேகைக்கு மேல இருக்கு?" என்றாள் சேலத்துக்காரி. பன்னிரண்டரை என்றேன். நோட்டைப் புரட்டினாள். "நேத்து ராத்திரியும் அதானே வந்துச்சு?"

அட்டவணையில் அடுத்தது காகித ராக்கெட். அதை ஒதுக்கிவிட்டு ஒரு சாத்துக்குடியில் பேனாவால் நிலநடுக்கோடு வரைந்தேன். துருவன் தெரியும் உயரமும் சூரியன் உச்சியில் நின்ற இடமும் ஏன் ஒரே எண், இரண்டுமே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைதான் என்று அவர்களே கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சாப்பாடு ஆறிவிட்டது என்று சமையல் அண்ணன் இரண்டு தடவை வந்து நின்றார்.

ஏப்ரல் 24

காலையில் பேருந்து கிளம்பியது. இரண்டு தொப்பியும் ஒரு ஒற்றைச் செருப்பும் மிச்சம். அடுத்த குழு 27ஆம் தேதி. வாங்க வேண்டிய பொருள் பட்டியலில் வினிகரை அடித்துவிட்டுப் பாகைமானி என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "எரிமலை இல்லேன்னா பெத்தவங்க கேப்பாங்களே" என்றார். சரி, அரை லிட்டர் மட்டும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.