கடைமடைக்கு ரத்தம் போகுதா

ஐசியூல ஆறு வருஷமா நைட் டூட்டி பாக்குறேன், சொந்தக்காரங்க மானிட்டர பாத்துட்டு "பிரஷர் நல்லாத்தான இருக்கு சிஸ்டர், அப்பறம் ஏன் சீரியஸ்ங்கறீங்க"ன்னு கேக்காத நாளே இல்ல. எனக்கு ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். மேட்டூர் ஜூன் 12ல தொறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாத்துல கரைதொட்டு தண்ணி ஓடும், ஆனா கடைமடைல இருக்க எங்க வயல்ல வெடிப்பு அப்படியே கெடக்கும். பிரஷர்ங்கறது ஆத்துத் தண்ணி, அவ்வளவுதான்.

போன ஐப்பசில ஒரு பெரியவர் வந்தாரு, எலிக்காய்ச்சல் முத்தி செப்சிஸ், அதாவது கிருமித் தொத்தால உடம்போட உறுப்பெல்லாம் கெடுற நெலம. கால் வெடிப்புல சேறு இன்னும் ஒட்டிருந்துச்சு, அது வழியாத்தான் கிருமி போயிருக்கணும். மருந்து ஓடுறதுல பிரஷர் 120, விரல் கிளிப்புல ஆக்சிஜன் 98, ஆனா ஒன்னுக்கு சுத்தமா போகல. செப்சிஸ்ல சின்ன ரத்தக்குழாயோட உள்சவ்வு கெட்டு கசியும், அங்கங்க குட்டிக் குட்டியா அடைக்கும். வெள்ளத் தோல்காரங்கன்னா இது முட்டிகிட்ட திட்டுத்திட்டா தெரியும், நம்ம நிறத்துல அது சட்டுனு கண்ணுக்குப் படாது, எனக்கு அதுதான் பெரிய கவலை.

எங்க டாக்டர் அகச்சிவப்பு ஒளி சென்சார அவரு கட்டைவிரலுக்குக் கீழ இருக்க சதைமேட்டுல ஒட்டினாரு. விரல் கிளிப் துடிக்கிற தமனி ரத்தத்த மட்டும் பாக்கும், இது சதைக்குள்ள இருக்க ரத்தம் மொத்தத்துலயும் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கும். அப்பறம் மேல்கையில கஃப் கட்டி பிரஷருக்கு மேல 50 ஏத்தி 3 நிமிஷம் அப்படியே விட்டாரு, அதாவது மதக அடைச்சாச்சு, ஸ்கிரீன்ல ஆக்சிஜன் கோடு எறங்கிகிட்டே வருது, கை வெளிறிப் போச்சு. அவுத்துவிட்டதும் நல்ல குழாயா இருந்தா விரிஞ்சு கொடுத்து ரத்தம் பாஞ்சு வரும், கோடு பழைய அளவையும் தாண்டி ஏறும். இவருக்கு நத்தை மாதிரி ஊருது.

இத வச்சே வைத்தியத்த மாத்தலாம்னு நான் சொல்ல வரல, கை வீங்கியிருந்தா ரீடிங்கே தப்பும், எல்லா ஊர்லயும் மெஷினும் கெடையாது. விரல் நுனிய 10 செகண்ட் அமுத்தி விட்டு, நிறம் திரும்ப 3 செகண்டுக்கு மேல ஆகுதான்னு பாக்குறதுக்கு காசே வேணாம். 2019ல தென் அமெரிக்காவுல 28 ஆஸ்பத்திரில இத வச்சே செப்சிஸ்ல பிரஷர் விழுந்து ஷாக்ல இருந்த நோயாளிங்களுக்கு சிகிச்சைய கொண்டுபோய் பாத்திருக்காங்க. ஆனா அந்தக் கோட்ட பாத்த ராத்திரிதான் எனக்கு உள்ள நடக்கறது கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சுது.

வெளிய அவரு சம்சாரம் உக்காந்திருந்தாங்க. "ஆத்துல தண்ணி இருக்கும்மா, கடைமடைக்கு ஏறல"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "அப்ப வாய்க்கால தூர் வாரணும் பாப்பா, வாருவாங்கல்ல?"ன்னாங்க.

நாலாம் நாள் கோடு வேகமா நிமிந்துச்சு. அன்னிக்கு ராத்திரி யூரின் பேக்ல மணிக்கு 30, 40 மில்லின்னு சேர ஆரம்பிச்சுது, விடியற வரைக்கும் என்னால பொறுக்க முடியல, ரெண்டு மணிக்கே போய் அந்தம்மாவ எழுப்பிட்டேன்.