விரவல் குணகம் அதிகமாக வந்தால் முதலில் வெப்பச்சலனத்தைச் சந்தேகியுங்கள்

என்.எம்.ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) விரவலை, அதாவது மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதை, அளக்கத் தேவை இரண்டு கிரேடியன்ட் துடிப்புகள்: காந்தப்புலத்தை உயரத்துக்கேற்பச் சிறிது நேரம் மாற்றுபவை. முதல் துடிப்பு குழாயின் உயரத்துக்கேற்ப ஒவ்வொரு அணுக்கருவுக்கும் ஒரு கட்டத்தை (சுழற்சிக் கோணத்தை) கொடுக்கும், இரண்டாவது அதை அழிக்கும். நடுவில் மூலக்கூறு நகர்ந்துவிட்டால் கட்டம் முழுதாக அழியாது, சிக்னல் குறையும். சிக்னலின் மடக்கையைக் கிரேடியன்ட் வலிமையின் வர்க்கத்தோடு வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்விலிருந்து விரவல் குணகம். 1965-இல் ஸ்டெஸ்கலும் டானரும் கொடுத்த வழி இது.

கனநீரில் மிச்சமிருக்கும் எச்டிஓ-வை (ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் உள்ள நீர்) 25 டிகிரியில் எடுத்துக்கொள்வோம். துடிப்பு 2 மில்லி வினாடி, இடைவெளி 50 மில்லி வினாடி. செவ்வகத் துடிப்பாக இருந்தால், மீட்டருக்கு 0.3 டெஸ்லா வைக்கும்போது சிக்னல் சுமார் 9 சதவீதத்துக்கு இறங்கும். கடைசிப் புள்ளியில் 5 முதல் 10 சதவீதம் மிஞ்சும்படி அமைப்பது நல்லது. பாதியில் நின்றுவிட்டால் சாய்வை நம்ப முடியாது. கிரேடியன்டை அதன் உச்ச வலிமையில் 2-லிருந்து 95 சதவீதம் வரை 16 படிகளில் ஏற்றினால் போதும். குழாயைச் சுழல விடாதீர்கள்.

பெரும்பாலான தவறான எண்கள் வெப்பச்சலனத்தால் வருபவை. குழாயின் அடிக்கும் மேலுக்கும் சிறிய வெப்ப வேறுபாடு இருந்தாலே திரவம் சுழலத் தொடங்கும். மேலே சொன்ன 50 மில்லி வினாடியில் எச்டிஓ தானாக நகர்வது சுமார் 14 மைக்ரோமீட்டர். வினாடிக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் ஓட்டம் அதே நேரத்தில் 5 மைக்ரோமீட்டர் இழுத்துப் போகும். இடைவெளியை இரட்டிப்பாக்கினால் ஓட்டத்தின் பங்கு 10 ஆகும், விரவலின் பங்கோ 20-ஐத் தாண்டாது.

சோதனையும் இதிலேயே இருக்கிறது: இடைவெளியை 50, 100, 200 என்று மாற்றி அளந்து பாருங்கள். தடையின்றி விரவும் கரைசலில் குணகம் மாறக்கூடாது. இடைவெளியோடு ஏறிக்கொண்டே போனால் அது வெப்பச்சலனம்தான். குளோரோஃபார்ம் போன்ற பாகுத்தன்மை குறைந்த கரைப்பான்களில் இது அதிகம், பாகுத்தன்மை கூடிய டிஎம்எஸ்ஓ கரைப்பானில் குறைவு. 5 மில்லிமீட்டர் குழாயை விட்டு 3-க்கு மாறுங்கள், வெப்பக் கட்டுப்பாட்டுக் காற்றின் வேகத்தைக் கூட்டுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் இரட்டைத் தூண்டல் எக்கோ: அளவீட்டை இரண்டு பாதிகளாக்கி, ஓட்டத்தின் விளைவை ஒன்றையொன்று அழிக்கவைக்கும் துடிப்பு வரிசை. அதற்கு விலை, சாதாரணத் தூண்டல் எக்கோவில் மிஞ்சும் சிக்னலில் பாதி.

கிரேடியன்ட் அளவுத்திருத்தத்துக்கும் எச்டிஓ-வே உதவும்: 25 டிகிரியில் 1.90 × 10⁻⁹ மீ²/வி வர வேண்டும். சைன் வடிவத் துடிப்பென்றால் வடிவக் காரணி 0.64-ஐச் சேர்த்தீர்களா என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.