ஓர் எண்ணை மாற்றுவதற்கு முன்

2017-இல் ஒரு சிறிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பிட்காயின் நோட்களை, அதாவது பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வருடம் வந்த புகார்களில் பாதி ஒரே மாதிரி இருந்தன: "காசு அனுப்பி ராத்திரி முழுக்க ஆச்சு, இன்னும் போய்ச் சேரல." பரிவர்த்தனைகள் பிளாக் எனும் தொகுப்புகளாகத்தான் சங்கிலியில் சேரும். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அப்போது அதற்கு 1 எம்பி வரம்பு. நொடிக்கு ஏழு பரிவர்த்தனை தேறினாலே அதிகம். முந்திப் போக வேண்டுமென்றால் கட்டணத்தைக் கூட்டித் தர வேண்டும்.

நான் அப்போது, அந்த வரம்பை உயர்த்தச் சொன்ன பெரிய பிளாக் கட்சி. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2010-இல் நிரலில் சேர்த்த வரம்புதானே அது, ஓர் எண்ணை மாற்ற இத்தனை சண்டையா என்று எரிச்சல்படுவேன்.

"சரி தம்பி, நாம என்ன செய்யணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் மேலாளர்.

எழுத உட்கார்ந்தபோதுதான் 2013 மார்ச் சம்பவத்தை முழுதாகப் படித்தேன். பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு தரவுத்தளத்தை பெர்க்லி டிபியிலிருந்து லெவல்டிபிக்கு மாற்றியிருந்தது. விதி எதையும் மாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் பழைய தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் போடக்கூடிய பூட்டுகளுக்கு ஓர் எல்லை இருந்தது. 1 எம்பிக்கு உட்பட்ட ஒரு பிளாக்கே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. புதிய நோட்கள் அதை ஏற்றன, பழையவை மறுத்தன, சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள் பழைய பதிப்புக்குத் திரும்பி, தாங்கள் கண்டெடுத்த பிளாக்குகளையும் அதற்கான வெகுமதியையும் கைவிட்டுத்தான் சரிசெய்தார்கள். அந்தச் சில மணி நேரத்தில், தோற்ற கிளையில் வந்த டெபாசிட்டை நம்பி நாங்கள் பணம் கொடுத்திருந்தால்? அதை நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. அது வாடிக்கையாளர்களின் பணம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய முறையில் கையொப்பம் சரிபார்க்கும் வேலை, பரிவர்த்தனையின் அளவு இரட்டித்தால் நான்கு மடங்காகும். 2015-இல் ஏறக்குறைய ஒரு பிளாக்கையே நிரப்பிய ஒற்றைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்க 25 நொடி பிடித்ததாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்த, கையொப்பங்களைத் தனியே பிரித்துவைக்கும் செக்விட் மாற்றம் இந்தச் சிக்கலைப் புதிய வகைப் பரிவர்த்தனைகளுக்குத் தீர்த்தது. கொள்ளளவும் கொஞ்சம் கூடியது, பழைய நோட்களும் தொடர்ந்து ஓடின. என் கட்சி அங்கேதான் மாறியது.

பிளாக் வரம்பை இரட்டிப்பாக்க நவம்பருக்குத் திட்டமிட்ட செக்விட்2எக்ஸ் அப்படியல்ல, அது ஹார்ட் ஃபோர்க்: பழைய நோட்கள் ஏற்காத விதி மாற்றம். ஆகஸ்ட் 1 அன்று தனி நாணயமாகப் பிரிந்த பிட்காயின் கேஷில், ஒரு கிளையின் பரிவர்த்தனை மறு கிளையில் செல்லாதபடி தடுக்கும் ரீப்ளே பாதுகாப்பு இருந்தது. இதில் போதுமான அளவு இல்லை. ஒரு கிளையில் வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பும் நாணயத்தை, அதே கையொப்பத்தை வைத்து மறு கிளையிலும் யாரும் நகர்த்திவிடலாம். ஃபோர்க் நாட்களில் பணம் எடுப்பதை முழுதாக நிறுத்த வேண்டும் என்று எழுதினேன். "வருமானம் போயிடுமே" என்று முகம் சுருங்கினாலும் மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 8 அன்று, போதிய ஒருமித்த கருத்து இல்லையென்று திட்டத்தை முன்னெடுத்தவர்களே கைவிட்டார்கள். சோதனைக்காக ஓடவிட்ட செக்விட்2எக்ஸ் நோடை மட்டும் நான் அணைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஃபோர்க் நடப்பதாக எல்லாரும் எதிர்பார்த்த பிளாக்குக்கு முன்பே அது நின்றுபோயிருந்தது. நிரலில் எண்ணிக்கை ஒன்று பிசகியிருந்தது. திரையை மேலாளரிடம் காட்டினேன். நின்றபடியே வெகுநேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.