முள் நடுவில் நின்றதை நம்பினேன்

ஒரு கார் ரேடியேட்டர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "நீங்கள் அதில் என்ன ஊற்றினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஓராண்டுக்கு மேலாக நான் ஊற்றி வந்தது குழாய்த் தண்ணீர்.

கார் வாங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியில் அளவு குறைவதை முதலில் கவனித்தபோது, வெயிலுக்கு ஆவியாகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டேன். மாதம் ஒரு டம்ளர் என்றிருந்தது, பிறகு வாரம் ஒன்றானது. அது மூடிய அமைப்பு, அளவு தொடர்ந்து குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள். தரையில் ஈரமே இல்லையே என்ற என் வாதமும் செல்லாது. சூடான உலோகத்தின் மேல் கசிவது அங்கேயே காய்ந்து வெள்ளைத் தடமாக நின்றுவிடும். வண்டியை நிறுத்தியதும் பாகு காய்வதுபோல் ஓர் இனிப்பு வாடை வரும். அதையும் பல வாரம் முகர்ந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

ஒரு நீண்ட மேட்டுப் பாதையில் கணக்குத் தீர்ந்தது. வெப்பநிலை முள் வழக்கம்போல் நடுவில் நின்றது. பல கார்களில் அந்த முள் பெரியதொரு வெப்ப வரம்பு முழுவதும் அசையாமல் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. திடீரென்று முள் சிவப்பை நோக்கி ஏறியது. எங்கோ படித்த நினைவில் ஹீட்டரை முழுவதுமாகத் திறந்தேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும் என்பார்கள். வந்ததோ குளிர்ந்த காற்று. ஹீட்டருக்குள் போகத் திரவமே இல்லை. அதற்குள் முள் மெல்லக் கீழிறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அன்று நான் செய்த தவறுகளிலேயே பெரியது அந்தப் பெருமூச்சுதான். உணரி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைச் சொல்லும். திரவம் வடிந்தபின் அது அளந்துகொண்டிருந்தது காற்றையும் நீராவியையும். பானட் ஓரத்தில் ஆவி பறந்த பிறகே வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினேன்.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்: ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. அந்த மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் திறந்தால் அழுத்தம் விட்டு, அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்துவிட்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஆள் வரவழைத்தேன்.

பட்டறையில் மூடி இருந்த இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் பம்பின் முள் சரிந்தது. ரேடியேட்டரின் மேல்புற பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய உடலும் சேரும் விளிம்பில் முத்து முத்தாகத் துளிகள் அரும்பின. மூடியையும் தனியே சோதித்தார்கள். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று அழுத்தத்தைப் பிடிப்பது, மற்றொன்று எஞ்சின் ஆறும்போது தொட்டியிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே விடுவது. இரண்டாவது இறுகிப்போயிருந்தது. சில மாதங்களாகக் காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) சப்பிப்போய்க் கிடந்ததையும், அதை நான் கையால் அமுக்கி உருட்டி நேராக்கியதையும் அப்போதுதான் சொன்னேன். மெக்கானிக் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அந்தச் சில நிமிடங்கள் நான் குழாயைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது. தப்பினேன்.

கசிவை அடைக்கும் பொடியைப் போட்டு ஓட்டலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும். வேண்டாம் என்றேன். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் பற்றவைத்திருக்கலாம். வெப்பமானியால் என்னுடையதன் முகப்பை அளந்தபோது கீழ்ப்பகுதியில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்தே இருந்தது. அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை. ஆக, புதியதுதான்.

கழற்றிய ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வாய்களில் வெண்மையான காறை, அடியில் பழுப்புச் சேறு. குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் படிந்தது அந்தக் காறை. ஊற்ற ஊற்றக் கூலன்டில் இருந்த அரிப்புத் தடுப்பானும் நீர்த்துப் போயிருக்கிறது. பிளாஸ்டிக் விளிம்பு வெடித்தது வயதால். எட்டு முதல் பத்தாண்டில் பலருக்கும் நேர்வதுதான், அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். காறை முழுக்க என் கைவேலை.

புதிய ரேடியேட்டர், மூடி, ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றினோம். வாட்டர் பம்பின் கசிவுத் துளை காய்ந்திருந்ததால் அதைத் தொடவில்லை. பிறகு காய்ச்சி வடித்த நீரை விட்டு, ஓட்டி, வடித்து, தெளிவாக வரும்வரை மூன்று முறை அலசினோம். இந்த இடத்தில் மெக்கானிக் சொன்ன ஒரு கணக்கை நான் வேறெங்கும் கேட்டதில்லை. எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் நீர் தங்கிவிடும். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். என் வண்டியின் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். எனவே கலக்காத கூலன்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினோம். நிறத்தைப் பார்த்து வாங்கப் போன என்னை அவர் தடுத்தார். பச்சை, சிவப்பு எல்லாம் நிறுவனங்கள் சேர்க்கும் சாயம்தான். வண்டியின் கையேட்டில் குறித்த தரம்தான் கணக்கு.

காற்றை வெளியேற்றுவதில்தான் பொறுமை போனது. வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டோம். எஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குக் கூலன்டை விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்ததும் கீழ் ஹோஸ் சூடேறியது. குபுக் குபுக்கென்று குமிழ்கள் வந்து அளவு இறங்கியது. நிரப்பினோம், மறுபடி இறங்கியது. விசிறி இரண்டு முறை சுழன்று நின்றபின் மூடினோம். அப்படியும் அடுத்த இரண்டு காலையும் தொட்டியில் அளவு குறைந்திருந்தது. மறுபடியும் கசிவா என்று பதறி அழைத்தேன். மிச்சக் காற்று, மூன்றாம் நாள் நிற்கும் என்றார். நின்றது.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் விடவில்லை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் உயிரே போகும். மூடி போட்ட கேன்களில் அடைத்துக் கழிவு எண்ணெய் சேகரிப்பவரிடம் சேர்த்தேன்.

இப்போது காலையில் பானட்டைத் திறந்ததும் கண் போவது மேல் ஹோஸுக்குத்தான். சப்பாமல் உருண்டையாக இருக்கிறது.