நட்ட காட்டில் லைக்கன் தேடி: ஸ்வீடனின் ஹோகா குஸ்டன் பக்கம் ஒரு நடை

ஸ்வீடனின் வடகிழக்குக் கரையில் ஹோகா குஸ்டன் என்று ஒரு பகுதி இருக்கிறது. பனியுகத்தில் அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகிப் போனதும் நிலம் மெல்ல எழும்ப ஆரம்பித்தது, இன்னும் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய கடற்கரையின் தடம் இன்றைய கடல் மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே மலையில் கிடக்கிறது. 2000-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பெரும்பாலானவர்கள் அதற்காகவும், ஸ்கூலெஸ்கூகன் தேசியப் பூங்காவில் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும் அந்தப் பெரிய இடுக்கில் நடப்பதற்காகவும் போகிறார்கள். நான் போனது மரங்களில் ஒட்டியும் தொங்கியும் வளரும் லைக்கன்களைப் பார்க்க. அதிலும், பூங்காவுக்கு வெளியே வெட்டி விற்பதற்கென்றே வளர்க்கும் ஊசியிலைக் காடுகளில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்க.

ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் வரை ரயில், அப்புறம் பஸ்ஸில் டாக்ஸ்டா. ஸ்வீடனில் யாருடைய காட்டிலும் நடந்து போகலாம், அது அங்கே எல்லோருக்கும் உள்ள உரிமை. ஆனால் தரையிலும் மரத்திலும் படரும் பாசியையோ (மாஸ்) லைக்கனையோ பிய்த்தெடுக்க நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். லைக்கன் என்பது ஒரே உயிர் இல்லை. பூஞ்சையும், ஒளியில் உணவு சமைக்கும் நுண்பாசியும் (சிலவற்றில் அதே வேலை செய்யும் சயனோபாக்டீரியா) சேர்ந்து நடத்தும் குடித்தனம். வேர் கிடையாது. நீரும் சத்தும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் மரத்தின் மேல் வழியும் தண்ணீரிலிருந்தும் வர வேண்டும். அதனால் மரம் எந்த வகை, எவ்வளவு வயது, பக்கத்தில் என்ன நிற்கிறது, காற்று எப்படி வீசுகிறது என்ற எல்லாமே அதற்கு முக்கியம்.

முதலில் நுழைந்தது நட்டு வளர்த்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. நாற்பது வயது இருக்கலாம். எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே பருமன், உள்ளே நண்பகலிலும் மங்கல். லைக்கனே இருக்காது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது சரியில்லை. கீழ்க்கிளைகள் வெளிச்சமில்லாமல் காய்ந்து நிற்கின்றன, அந்தச் சுள்ளிகளில் ஹைபோஜிம்னியா ஃபைசோடிஸ் தாராளமாக இருந்தது: சாம்பல் நிறத்தில், விரல் விரலாக உப்பிய சின்ன மடல்கள். கூடவே பிளாடிஸ்மேஷியா கிளாக்கா, ஓரம் சுருண்ட அகலமான மடல்களோடு. பழுப்பு முடிபோல் பிரையோரியாவும் அங்கங்கே, ஆனால் நீளமில்லை. ஐம்பது மரம் தள்ளிப் போனாலும் இதே மூன்று, அடுத்த வரிசையிலும் இதே மூன்று. கையில் லென்ஸோடு ஒவ்வொரு மரமாகப் பார்த்தபோதுதான் ஒரு காட்டில் லைக்கன் நிறைய இருப்பதும் பல வகை லைக்கன் இருப்பதும் வேறு வேறு என்று உறைத்தது. ஸ்ப்ரூஸ் பட்டை அமிலத்தன்மை உள்ளது; அதைத் தாங்குகிற, வேகமாகப் பரவுகிற வகைகள் எல்லா மரத்தையும் பிடித்துக்கொள்கின்றன. மற்றவற்றுக்கு வேண்டியது பட்டை முதிர்ந்து வெடித்த கிழட்டு மரம், பட்டை உரிந்து நின்றபடியே காய்ந்த மரம், நடுவே ஒரு வெளிச்சமான இடைவெளி. ஒரே நாளில் நட்டு, இடையிடையே களைந்து, பிறகு ஒரே நாளில் வெட்டும் காட்டில் அந்த நிலைகளுக்கு நேரமே கிடைப்பதில்லை. ஸ்வீடனில் 1950-களிலிருந்து இந்த மொத்தவெட்டு முறைதான் பரவலாக நடக்கிறது.

நேரம் என்று சொன்னேன், தூரமும் அதே அளவு முக்கியம். அலெக்டோரியா சார்மென்டோசா என்று வெளிர் பச்சையில் தாடிபோல் தொங்கும் ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் துண்டு துண்டாக முறிந்து காற்றில் போய் அடுத்த கிளையில் சிக்கித்தான் பரவுகிறது. துண்டு அதிக தூரம் போகாது. பழைய காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இளங்காட்டில் அது ஓரளவு வந்துவிடும், ஆனால் நாலு பக்கமும் இளங்காடாகவே இருந்தால் எங்கிருந்து வரும்? பூங்கா எல்லையை நோக்கி நடக்க நடக்க ஸ்ப்ரூஸ் கிளைகளில் இந்தத் தாடி கூடிக்கொண்டே வந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இதை, இதேபோல் தாடியாகத் தொங்கும் அஸ்னியா என்ற இன்னொரு லைக்கனோடு குழப்பிக்கொள்வது சுலபம். காற்றில் முறிந்து விழுந்த கிளை கிடைத்தால் ஒரு இழையை மெதுவாக இழுத்துப் பாருங்கள்: அஸ்னியாவாக இருந்தால் மேல்தோல் அறுந்து உள்ளே வெள்ளையாக ஒரு மெல்லிய நரம்பு நீளும், அலெக்டோரியாவில் அது இருக்காது.

நான் அதிக நேரம் நின்றது ஆஸ்பென் என்ற ஒரு அகன்ற இலை மரத்துக்கு முன்னால். ஸ்ப்ரூஸ் வரிசைகளுக்கு நடுவே, ஓடைக்கரையில், தனியாக நின்றது. அதன் பட்டை அவ்வளவு அமிலம் இல்லை, அதனால் ஸ்ப்ரூஸில் வாழவே முடியாத ஒரு கூட்டம் அங்கே இருந்தது, முக்கியமாக லோபேரியா புல்மொனேரியா. உள்ளங்கையைவிடப் பெரிய மடல்கள், மேடும் பள்ளமுமாக வலைப்பின்னல். காய்ந்திருந்தால் மங்கிய பழுப்பு, நனைந்ததும் பளிச்சென்ற பச்சை. அந்தக் காட்டின் சொந்தக்காரர் அந்தப் பக்கமாக வந்தார் (ஸ்வீடன் காடுகளில் ஏறக்குறைய பாதி தனிமனிதர்கள் கையில்தான் இருக்கிறது). நான் மரத்தை முகர்ந்துகொண்டிருப்பதுபோல் தெரிந்திருக்க வேண்டும், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் அப்பா காலத்தில் ஆஸ்பென் என்றாலே வெட்டித் தள்ளுவார்கள் என்றார். காரணம் இருக்கிறது: பைன் கன்றுகளின் தளிரை முறுக்கிவிடும் துரு நோய்ப் பூஞ்சைக்கு ஆஸ்பென் இன்னொரு வீடு. போதாததற்கு 1970-களில் அகன்ற இலை மரக்கன்றுகள் மேல் களைக்கொல்லியும் தெளித்தார்கள். இந்த ஒன்று மட்டும் ஓடையோரம் கை எட்டாத சரிவில் இருந்ததால் பிழைத்திருக்கிறது என்றார்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 1993-ல் வந்த வனச்சட்டம் மர உற்பத்திக்கும் சூழலுக்கும் சம மதிப்பு என்று சொல்கிறது. வெட்டும்போது சில மரங்களை விட்டுவைக்கிறார்கள், சிலவற்றை ஆளுயரத்துக்கு மேல் அறுத்து மொட்டையாக நிறுத்துகிறார்கள், பட்டுப்போனதும் அந்தக் கட்டையில் வாழ வேறு உயிர்கள் வரும். லோபேரியாவைக் கண்டால் பாதுகாக்க வேண்டிய காடாக இருக்கலாம் என்பதற்கு அடையாளமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாக வெட்டிய ஒரு வெளியில் இப்படி விடப்பட்ட மரங்களைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பென்னில் லோபேரியா வடக்குப் பக்கம் நன்றாகவே இருந்தது, வெயில் படும் தெற்குப் பக்கம் ஓரங்கள் வெளிறிக் கிடந்தன. ஆனால் தனியாக நின்ற ஸ்ப்ரூஸில் தொங்குகிற வகைகள் பாதி காற்றில் பிய்ந்து தரையில் கிடந்தன. ஒற்றை ஒற்றையாக விடுவதைவிடப் பத்துப் பதினைந்து மரங்களைக் கொத்தாக விட்டால் காற்றும் வெயிலும் உள்ளே குறையும். ஒற்றை மரமும் கொத்தும் இரண்டுமே அந்த வெளியில் இருந்தன, கொத்துக்குள் இழைகள் நீளமாகவே தொங்கின.

கடைசியில் ஸ்கூலெஸ்கூகன். 1984-ல் பூங்காவானது. உள்ளே ஈரமான ஸ்ப்ரூஸ் சரிவுகளில் டோலிகோஅஸ்னியா லாங்கிசிமா தொங்குகிறது, உலகத்தின் மிக நீளமான லைக்கன். ஒரே நீண்ட இழை, அதிலிருந்து இரு பக்கமும் குட்டிக் குட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், ஒரு கிளையிலிருந்து அடுத்ததுக்குத் தோரணம் கட்டியதுபோல். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களுக்கான ஸ்வீடனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, இதுவும் துண்டாகித்தான் பரவும். இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: இந்தப் பூங்கா கோடரி படாத காடு இல்லை, 19-ஆம் நூற்றாண்டில் மரம் அறுக்கும் ஆலைகளுக்காக இங்கேயும் நிறைய வெட்டியிருக்கிறார்கள். இருந்தும் லாங்கிசிமா இருக்கிறது. அன்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாமல் பெரிய மரங்களைத் தேடி எடுத்தார்கள், இடையில் ஏதோ நின்றுகொண்டே இருந்தது, அதுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். காட்டைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. வெட்டும்போது எதை, எங்கே, எவ்வளவு அடர்த்தியாக விடுகிறோம் என்பதைத்தான் இன்னும் சத்தமாகப் பேச வேண்டும். ஓடையோரம் பிழைத்த அந்த ஒரு ஆஸ்பென்னில் நான் பார்த்த வகைகள் சுற்றியிருந்த ஸ்ப்ரூஸ் எல்லாவற்றிலும் சேர்த்துப் பார்த்ததைவிட அதிகம்.

போகிறவர்களுக்கு: மழை பெய்த மறுநாள் காலை போங்கள், நிறங்கள் அப்போதுதான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். பூங்காவுக்கு வடக்கு, மேற்கு, தெற்கு என மூன்று வாசல்கள். செப்டம்பரில் வட ஸ்வீடனில் மூஸ் என்ற பெரிய மானின் வேட்டை தொடங்கிவிடும், அதனால் பூங்காவுக்கு வெளியே உள்ள காடுகளில் நடக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை அவசியம்.