ஷீட்ல இல்லாத ஒரு கட்டம்

நான் பாக்குற வேலைய வீட்ல சொன்னா "டிவி பாக்குறதுக்கு சம்பளமா"ன்னு தான் கேக்குறாங்க. ஸ்ட்ரீமிங்குக்கு போற பழைய சீரியல், படம் எல்லாத்தையும் பாத்து எந்த நிமிஷத்துல என்ன வருதுன்னு ஷீட்ல ஏத்தணும், அடிதடி, துப்பாக்கி, ரத்தம், சிகரெட், கெட்ட வார்த்தைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம், அத வெச்சு தான் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ-ன்னு ரேட்டிங் போடுவாங்க (ஆன்லைன் மீடியாவுக்கு இந்திய அரசு போட்ட 2021 ஐடி ரூல்ஸ்ல வந்த பிரிவுகள்). கேக்க ஜாலியா தான் இருக்கும், ஒரே துப்பாக்கிச் சண்டைய ரிவைண்ட் பண்ணி எத்தன தடவ சுட்டான்னு எண்ணிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

அப்படி என் தலைல வந்து விழுந்தது தான் ஸ்வாட், அமெரிக்க போலீஸோட ஆயுத அதிரடிப் படை பத்தின சீரியல். 2017ல ஷெமார் மூர் நடிச்சது இல்ல, அதுக்கு தாத்தா. 1975 பிப்ரவரில அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல ஆரம்பிச்சு 1976 ஏப்ரல்லயே மூட்டை கட்டிட்டாங்க, மொத்தமே 37 எபிசோட். ஆரோன் ஸ்பெல்லிங், லியனார்ட் கோல்ட்பர்க் தயாரிப்பு, ஸ்டீவ் ஃபாரஸ்ட் தான் டீம் தலைவர் ஹோண்டோ. டைட்டில்ல அஞ்சு பேரும் ரைஃபிள உருவிட்டு ஓடி வந்து வேன்ல ஏறுவாங்க பாருங்க, அந்த மியூசிக் 1976 பிப்ரவரில பில்போர்டுங்கற அமெரிக்க ஹிட் பாட்டு லிஸ்ட்ல முதல் இடம் புடிச்சுது, சீரியலுக்கு அதுக்கப்புறம் ஆயுசு கொஞ்ச நாள் தான்.

வேலைய குடுக்கும்போதே லீட் மேம் "இது அந்த காலத்துலயே ரொம்ப வன்முறைன்னு திட்டு வாங்குனது, எப்படியும் 16+ வரும், கவனமா பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. நானும் காபி எல்லாம் எடுத்துட்டு ரெடியா உக்காந்தேன். பாத்தா ரத்தத்தயே காணோம். அந்த காலத்து அமெரிக்க நெட்வொர்க் டிவில ரத்தம் காட்ட விட மாட்டாங்க, சுட்டா நெஞ்ச புடிச்சுட்டு விழுவான், கேமரா வேற பக்கம் போயிடும், அவ்ளோ தான். துப்பாக்கி கட்டம் நிரம்பி வழியுது, ரத்தக் கட்டம் காலியா கெடக்கு, கெட்ட வார்த்தை சுத்தமா இல்ல. கணக்குப்படி பாத்தா 13+ தாண்டல.

அப்புறம் எதுக்கு அவ்ளோ சத்தம் போட்டாங்கன்னு மண்டைய கொடஞ்சுட்டே இருந்துச்சு, வேலைக்கு நடுவுல கொஞ்சம் தேடிப் படிச்சேன். 1974 மே 17 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல சிம்பயோனீஸ் லிபரேஷன் ஆர்மின்னு ஒரு ஆயுதக் குழு இருந்த வீட்ட போலீஸ் சுத்தி வளைச்சாங்க, நிஜ ஸ்வாட் படை, ஆயிரக்கணக்குல குண்டு, வீடு தீப்பிடிச்சு உள்ள இருந்த ஆறு பேரும் செத்துட்டாங்க, இது எல்லாமே டிவில நேரலையா ஓடுச்சு. அடுத்த வருஷமே இந்த சீரியல். அப்போ பாத்தவங்களுக்கு அது வெறும் கதையா இருந்திருக்காது. போலீஸ்னா ராணுவம் மாதிரி வருவாங்க, எந்த பிரச்சனையா இருந்தாலும் கடைசில ரைஃபிள் தான் முடிச்சு வெக்கும்னு வாரா வாரம் வீட்டுக்குள்ள வந்து சொன்னா கோவம் வரத்தானே செய்யும்? அந்தக் கோவத்துக்கு என் ஷீட்ல கட்டம் இல்ல.

1975 செப்டம்பர்ல அங்க ஃபேமிலி வ்யூயிங் ஹவர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ராத்திரி 8ல இருந்து 9 வரைக்கும் குடும்பத்தோட பாக்குற மாதிரி தான் போடணும்னு. ஸ்வாட் 9 மணிக்கு, அதாவது கோடு தாண்டின அடுத்த நிமிஷம். ஆனா சிகாகோ கடிகாரம் நியூயார்க்க விட ஒரு மணி நேரம் பின்னாடி, நியூயார்க்ல 9 மணிக்கு வர்றது அங்க 8 மணிக்கே வந்துடும், அங்க புள்ளைங்க முழிச்சுட்டு தான் இருக்கும்! அந்த ஏற்பாடே 1976 நவம்பர்ல கோர்ட்ல அடி வாங்குச்சு, அது வேற கத.

என்ன நிஜமா உலுக்குனது ஜார்ஜ் கெர்ப்னர். ஹங்கேரில பொறந்தவர், பென்சில்வேனியா யுனிவர்சிட்டி புரொஃபசர், 1960கள் கடைசில இருந்து வருஷா வருஷம் ஒரு வாரத்து டிவி நிகழ்ச்சிய எடுத்து ஆள் வெச்சு எண்ணுனவர். அட, நம்ம வேலையே தான்! காமெடில விழுற அடி, விபத்துல படுற அடி எல்லாத்தையும் சேத்து எண்ணுறாருன்னு நெட்வொர்க்காரங்க அவர போட்டுத் தாளிச்சிருக்காங்க. ஆனா அவர் எண்ணிக்கையோட நிக்கல, அடிக்கிறது யாரு, அடி வாங்குறது யாருன்னும் பாத்தாரு. பொம்பளைங்க, வயசானவங்க, வெள்ளைக்காரங்க இல்லாதவங்க இவங்கெல்லாம் டிவில அடிக்கிறத விட அடி வாங்குறது தான் அதிகம்னு காட்டுனாரு. வன்முறைங்கறது யாருக்கு பவர் இருக்குன்னு சொல்லிக் குடுக்குற பாடம்ங்கறது அவர் வாதம். அம்பது வருஷம் முன்னாடி ஒருத்தர் இவ்ளோ தூரம் யோசிச்சிருக்காரு, நாம இன்னும் ரத்தம் எத்தன செகண்டுன்னு ஸ்டாப்வாட்ச் வெச்சுட்டு இருக்கோம். சொல்லப்போனா பத்து செகண்ட் ரத்தம் காட்டி செத்தவனோட அம்மா அழுகுறதயும் காட்டுனா அதுக்கு 16+, முப்பது பேர சுட்டுட்டு ஜோக் அடிச்சுட்டே வேன்ல ஏறுனா 13+. எனக்கு இது தலைகீழா தான் தெரியுது.

ரிமார்க்ஸ்ல "ரத்தம் இல்ல, ஆனா சாவுக்கு எந்த விளைவும் காட்டல, போலீஸ் சுடுறத யாருமே கேள்வி கேக்கல"ன்னு எழுதி அனுப்பினேன். லீட் மேம் கூப்ட்டு "நல்லா தான் எழுதிருக்கீங்க, ஆனா கிளையன்ட் இத கேக்கலையே"ன்னு சொல்லி எடுத்துட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அந்த ஷீட்ட அவங்களும் போடல. ஸ்வாட் 13+னு போயிடுச்சு, மறுநாள் ஒரு சமையல் ஷோ குடுத்தாங்க, அதுல வைன் ஊத்துற இடத்துக்கெல்லாம் டைம்கோடு போடணுமாம்.