உழக்கும் தராசும்: கல்லிடைக்குறிச்சி நாட்குறிப்பு

மார்ச் 6

மலையடிவாரத் தோப்பிலிருந்து மாவடு வந்தது, 4 கிலோ. காம்போடு இருப்பது தனி, காம்பு உதிர்ந்தது தனி என்று முதலில் பிரித்தாயிற்று. காம்பு உதிர்ந்த வாய் வழியாக உப்பு நேரே இறங்கி அந்தக் காய்தான் முதலில் குழையும். அதைச் சின்னச் சாடியில் போட்டு முன்னதாகத் தின்று தீர்த்துவிட வேண்டும். நல்ல காயில் காம்பை அரை விரல்கடை விட்டு நறுக்கி, கழுவி, பட்டாசல் கூடத்தில் வேட்டி விரித்து ஃபேனுக்குக் கீழே உலர விட்டிருக்கிறது. துளி ஈரம் இருந்தாலும் பூசணம் பிடிக்கும்.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகிக் கட்டிலில் கிடக்கும் ஆச்சியின் குரல்: “உழக்கு எங்க கிடக்கு? ஏட்டி, உப்பத் தலதட்டி அள. அரிசிக்குத்தான் குவிச்சு அளக்கணும்.”

உழக்கு, வீட்டில் அளக்கிற சின்ன அளவுப் பாத்திரம். தலைதட்டிய உழக்குக் கல்லுப்பு தராசில் 210 கிராம் காட்டுகிறது. 1 கிலோ வடுவுக்கு அதுதான் கணக்கு. குவித்தால் 270ஐத் தாண்டுகிறது, அந்த வடுவை வாயில் வைக்க முடியாது. இந்த வீட்டில் எல்லாக் கணக்கும் உழக்கிலும் கையிலுமே இருக்கிறது. ஒவ்வொன்றாக நிறுத்து எழுத வேண்டும்.

விளக்கெண்ணெய் கிலோவுக்கு 2 கரண்டி. முதலில் எண்ணெய் பூசி, பிறகு உப்பு. எண்ணெய்ப் பசையில்தான் உப்பு காயில் ஒட்டி நிற்கும்.

மார்ச் 7

ஆச்சிக்கு இடது குதிகாலில் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கிறது.

மார்ச் 10

வெளுத்தால் இன்னும் பயமில்லை. அழுத்தியும் சிவப்பு மாறாமல் நின்றால் உள்ளே சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குதிகாலுக்கு அடியிலேயே தலையணை வைப்பது தப்பு. கெண்டைக்கால் முழு நீளத்துக்கும் முட்டுக் கொடுத்து, குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு காகிதம் தடங்கலில்லாமல் அடியில் நுழைந்து வரவேண்டும்.

காற்று மெத்தையின் திருகை ஆளின் எடைக்குத் தகுந்து வைக்க வேண்டும். காற்று நிறைய இருந்தால் நல்லது என்று முழுசாகத் திருகிவிடுகிறார்கள். அப்புறம் அதுவும் பலகையும் ஒன்றுதான். இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையைவிட்டுப் பார்க்கலாம். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை.

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவது. இழுக்கவே கூடாது, இழுத்தால் தோல் உராயும். நாலாக மடித்த வேட்டி இடுப்புக்கு அடியில் எப்போதும் கிடக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, லேசாகச் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணை. ஆபரேஷன் ஆன கால் மற்றதைத் தாண்டிக் குறுக்கே போகக் கூடாது.

ஒரே தெருக்கதவுக்குள் பல வீடுகள் இருக்கும் இந்த வளவில் இரண்டாவது ஆளுக்குப் பஞ்சமில்லை. 10 மணிக்கு எதிர்வீட்டு மதினி, 12க்குத் தையல்கார அக்கா, 4 மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் டீச்சர். யாரும் முறை வகுக்கவில்லை. அவரவர் வேலை ஒழியும் நேரத்தை அவர்களே பங்கிட்டுக்கொண்டார்கள். கீழவீட்டு அண்ணாச்சி ராத்திரி 10 மணிக்குத் தெருக்கதவைச் சாத்தப் போகும்போது நின்று, “ஒரு கை புடிக்கணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

மார்ச் 11

சாடியில் வடு தண்ணீர் விட்டிருக்கிறது. இனி காலை, மாலை குலுக்க வேண்டும். கரண்டி போடக் கூடாது.

மார்ச் 16

மதினி வீட்டில் அப்பளத்துக்குக் காலையிலிருந்து உலக்கைச் சத்தம். இந்த ஊர் அப்பளத்தின் ருசிக்கு என்ன காரணம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊரில் எல்லாரும் தாமிரபரணித் தண்ணீரைத்தான் சொல்வார்கள். தண்ணீரில் பாதிப் பெருமை இருக்கலாம். மீதி உலக்கையுடையது.

மதினி கணக்கு: உளுந்து மாவு 1 கிலோ, உப்பு 75 கிராம், அப்பளக்காரம் 10 கிராம், பெருங்காயம் 10 கிராம். தண்ணீர் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு, அதில் ஒரு பங்கு பிரண்டைச் சாறு. பிரண்டை கையை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொண்டுதான் நறுக்க வேண்டும். உப்பையும் காரத்தையும் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடி வண்டலைக் கலக்காமல் தெளிவை மட்டும் ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு இடி. கிள்ளி இழுத்தால் அறுந்துபோகாமல் நீண்டு வரும் வரை. அந்தப் பதம் வராமல் இட்டால் ஓரம் வெடிக்கும்.

கயிறாகத் திரட்டி, நூலால் அறுத்து, உடனே எண்ணெய்த் துணியால் மூடிவிடுகிறாள். காற்றுப்பட்ட உருண்டையில் பொருக்குத் தட்டும். நடு மெலிந்து ஓரம் தடித்தால் பொரிக்கும்போது நடு கருகிவிடும், ஓரம் வேகாது. சுள்ளென்ற வெயிலில் நேராகப் போட்டால் சுருண்டு நொறுங்கும். நிழலில் வாடவிட்டு, அடுக்கிப் பாரம் வைத்து, பிறகு சிறிது நேரம் வெயில். அப்பளக்காரம் கூடினால் எண்ணெயில் போட்டதும் சிவந்துவிடும்.

இட்டதில் ஓரம் வெடித்த ஒன்றை ஆச்சி கையில் கொடுத்தாள். ஆச்சி நகத்தால் கீறிப் பார்த்து, “இன்னும் நூறு இடி குறையுது” என்றாள். மதினி போய் மீதி மாவை மறுபடி உரலில் போட்டாள்.

மார்ச் 19

ராத்திரி 2 மணி. “நடராஜர் இருக்காரான்னு போய்ப் பாத்துட்டு வா. ஊரே நிக்கி.”

குலசேகரமுடையார் கோயில் நடராஜர் களவுபோனது 1982ல். ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தது 2019ல். ஆச்சிக்குப் பகலெல்லாம் 2019, ராத்திரி ஆனால் 1982.

இந்த வயதில் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிப் புத்தி தடுமாறுவது அடிக்கடி நடப்பதுதான், பொழுது சாய்ந்தால் கூடும். வாதாடக் கூடாது. “இருக்காரு ஆச்சி, விளக்கு எரியுது” என்றால் அடங்குகிறாள். அதோடு விடாமல் காரணத்தையும் தேட வேண்டும்: தண்ணீர் குடித்தது குறைவா, மூத்திரம் எரிகிறதா, வயிறு போய் எத்தனை நாள், வலி கூடியிருக்கிறதா, மாத்திரை எதுவும் புதிதா. தூக்க மாத்திரை சிலருக்கு இதைக் கூட்டிவிடும். பகலில் சன்னலைத் திறந்து வெளிச்சம், முகத்துக்கு நேரே கடிகாரமும் நாள்காட்டியும், கண்ணாடி எப்போதும் மூக்கில். ராத்திரி ஒரு சின்ன விளக்கு.

மார்ச் 20

வீட்டை வாங்குகிறவர் டேப்போடு வந்தார். புறவாசலை மட்டும் இரண்டு தரம் அளந்தார்.

மார்ச் 23

மச்சிலிருந்து பாத்திரங்கள் இறங்கின. பாதிக்கு மேல் எவர்சில்வர், எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. நம் வீட்டு எழுத்து இல்லாதது மட்டும் தனியாக ஒரு வரிசை வருகிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இந்தத் தெருவில் கிடையாது. போட்டுக் கொடுக்க ஏதாவது தோதுப்படட்டும் என்று வைத்தது அப்படியே மச்சுக்கு ஏறிவிடுகிறது. ஆச்சி ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவி, “இது தையக்காரி மாமியாரோடது. சொதி வந்துது” என்கிறாள். எழுத்துத் தேய்ந்ததைக்கூட விளிம்பு மடிப்பை வைத்து யாருடையது என்று சொல்கிறாள். இனி எதைப் போட்டு அனுப்புவது? வடுதான். ஆளுக்கு ஒரு உழக்கு.

பித்தளைப் பானை இரண்டிலும் ஈயம் போய்விட்டது. பூசாமல் புளி ஏற்றக் கூடாது, களிம்பு ஊறும். பூசுகிறவர் வந்தால் நவச்சாரம் தூவி, சூட்டோடு சூட்டாகப் பஞ்சால் இழுப்பார். அவர் வருவதே இப்போது அருமை.

மார்ச் 27

குதிகால் வெளுக்கவில்லை.

மார்ச் 28

நர்ஸ் பார்த்தார். தோல் உடையவில்லை. தேய்த்துவிடக் கூடாது, எண்ணெய் போட்டு நீவவும் கூடாது. நீவினால் அடியில் நசுங்கிய சதை இன்னும் கெடும். பாரம் படாமல் வைப்பதுதான் வைத்தியம். தினம் ஒரு முட்டை, பருப்பு, மோர். சத்து இறங்கினால் புண் ஆறாது.

ஏப்ரல் 1

பிசான நெல்லுக்கு விடும் தண்ணீர் முடிந்தது. கன்னடியன் கால்வாய் அடங்கிவிட்டது. கிணற்றுக் கயிற்றை இரண்டு பாகம் நீட்டிக் கட்டியிருக்கிறார் அண்ணாச்சி.

ஏப்ரல் 3

கூழ்வத்தல். “வீட்ட விக்கிறவளுக்கு வத்தல் எதுக்கு?” என்று யாரும் கேட்கவில்லை, அதுவே பெரிது.

பழைய பச்சரிசி 3 மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டது. ஜவ்வரிசி கிலோவுக்கு 100 கிராம், தனியாக ஊறவைத்தது. 1 படி மாவுக்கு 5 படி தண்ணீர். தண்ணீர் கொதிக்கும்போது பச்சைமிளகாய் விழுதும் உப்பும், பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கை விடாமல் கிண்டல். உப்பு நாக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்க வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு மேலே வரும். நனைத்த கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, வெள்ளை போய்க் கண்ணாடி நிறம் வரவேண்டும். அரைவேக்காட்டில் இறக்கினால் காய்ந்தபின் பொடியும், பொரித்தால் கல்லாக நிற்கும். எலுமிச்சஞ்சாறு இறக்கிய பிறகு.

காற்று எழும்புமுன், 6 மணிக்கே மொட்டைமாடித் தட்டட்டியில் வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, மூலைக்கு ஒரு செங்கல். காக்கைக்குக் கறுப்புக் குடை போதும். அணிலுக்கு ஆள்தான் உட்கார வேண்டும். சாயந்திரம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, மறுநாள் புரட்டிப் போட வேண்டும்.

டீச்சர் மகன் ஒரு தட்டில் கூழை எடுத்துப்போய் ஆச்சிக்கு ஊட்டினான். “உப்பு சரி” என்றாள். உழக்கில் தலைதட்டி முக்கால் அளவு. தராசில் 158 கிராம்.

ஏப்ரல் 5

மத்தியானம் மேகம். பாதி காய்ந்த வத்தலை வேட்டியோடு எடுத்துப் பட்டாசலில் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. மடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிண்டமாகிவிடும்.

ராத்திரி 1982 இல்லை. நன்றாகத் தூங்குகிறாள்.

ஏப்ரல் 6

வடு சுருங்கி நன்றாக ஊறிவிட்டது. ஊறின உப்புத் தண்ணீரிலேயே வத்தல்மிளகாய், கடுகு, மஞ்சள் அரைத்துக் கலந்தாயிற்று. பாத்திரங்கள் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்தவை: முருங்கைக்கீரை, கருப்பட்டி, மிதுக்கவத்தல். பாத்திரம் மறுபடி நம் வீட்டிலேயே.

ஏப்ரல் 8

நாளை எக்ஸ்ரே. கார் 7 மணிக்கு. முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, உட்காரும் இடத்தில் கெட்டியான தலையணை போட்டு உயர்த்த வேண்டும். இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது. முதலில் பின்பக்கம் திரும்பி உட்காரவைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே. சீட்டின் மேல் பிளாஸ்டிக் பை ஒன்று விரித்தால் வழுக்கித் திரும்பும். மதினி வருகிறாள். அண்ணாச்சியும்.